குழலுக்கு ஏற்ற குண்டு

திருவனந்தபுரம் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் அன்பர்களின் மனக்கண் முன் தோன்றுவது, பாம்பணைமேல் பள்ளிகொண்ட பத்மநாபசுவாமியின் திருக்கோலமே ஆகும். அதற்கடுத்தபடியாக மிருகக்காட்சிசாலையும், சங்குமுகக் கடற்கரையும், கோவளமும் நினைவுக்கு வரும். நாஞ்சில் நாட்டிலிருந்தும் செங்கோட்டைப் பகுதியிலிருந்தும் பிழைப்பை நாடி வெளிநாடு சென்ற குடும்பங்களுக்கோ இந்நகரம் ஒரு காலத்தில் சொந்தத் தலைநகராகவே விளங்கியது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் அப்பகுதிகள் சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னரும் உறவும் கொடுக்கல் வாங்கலும் அறுபடவில்லை. கோயிலையும் கடற்கரையையும் பற்றிப் பலரும் பன்முறை எழுதியிருக்கின்றனர். நாம் இம்முறை அங்குச் சென்றது வேறொரு காரியத்தை முன்னிட்டு.

வட அமெரிக்காவில் குடியேறி வாழும் அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவர் வாழும் மாநிலத்தில் ஆண்டுதோறும் குறிப்பிட்ட சில நாட்கள், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கிகளைக் கொண்டு மட்டும் மான் வேட்டையாட அரசாங்கம் அனுமதி அளிக்கிறதாம். அவரிடம் இருப்பது சிறு துளைத் துப்பாக்கி. அதற்குப் பொருத்தமான குண்டும், குண்டுக்கு உறையாக இடப்படும் 'சாபோ' என்பதும் கடைகளில் எளிதில் அகப்படவில்லை. "நம் ஊர்ப் பெரியவர்கள் இதனை எவ்வாறு சமாளித்தார்கள்?" என்பது அவருடைய முதற் கேள்வி. நெடுமங்காட்டுக்கு அப்பால் உள்ள பாட்டனார் வீட்டுப் பரணில் இத்தகைய துப்பாக்கி ஒன்று இன்னும் கிடக்கிறது, அதனை என்ன செய்வது என்பது இரண்டாவது கேள்வி. இவ்விரண்டுக்கும் விடை தேடியே நாம் புறப்பட்டோம். இரண்டாவது கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. ஊரில் பூட்டிய வீடு ஒன்றை விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் பலவற்றுக்கும் உரியது.

இத்துறையில் பழக்கமில்லாத வாசகர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். இக்காலத்துத் தோட்டாவில் மருந்தும் குண்டும் ஒரே கூட்டுக்குள் அடங்கியிருக்கும். ஆலையிலேயே அளவு ஒத்து வந்துவிடும். பழைய துப்பாக்கியில் அப்படியன்று. குழலின் வாய்வழியே முதலில் கருமருந்தும், பின்னர்த் தக்கையும், அதன்மேல் குண்டோ ரவையோ இட்டு, கெஜக்கோலால் அழுத்த வேண்டும். குண்டு துளையைவிடப் பெரிதாயின் உள்ளே இறங்காது. மிகச் சிறிதாயின், மருந்து எரிந்து எழும் காற்று குண்டைச் சுற்றிக் கசிந்து வீணாகும். குண்டும் குழலின் சுவரில் இங்குமங்கும் மோதித் திசை தவறிப் பறக்கும். ஆகவே துப்பாக்கியின் திறமை பாதி குழலில் என்றால், மறுபாதி குண்டின் பொருத்தத்தில் இருக்கிறது.

படைவீரர் வழிபட்ட பிள்ளையார்

தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கேகோட்டையை நோக்கி நடந்தால், சாலையோரத்தில் பழவங்காடிக் கணபதி கோயில் எதிர்ப்படுகிறது. ஓயாமல் தேங்காய் உடைபடும் ஓசையே அக்கோயிலுக்கு அடையாளம். இப்பிள்ளையார் முதலில் பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர்ப் படைவீரர்களால் வழிபடப்பட்டவர். 1795ஆம் ஆண்டில் கார்த்திகைத் திருநாள் ராமவர்ம மகாராஜா தலைநகரைப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றினார். படை இடம்பெயர்ந்தபோது பிள்ளையாரும் உடன் வந்தார். திருவிதாங்கூர்ப் படை பின்னாளில் இந்திய இராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்டோடு இணைந்தது. கோயில் நிர்வாகமும் இன்று இராணுவத்தினரிடமே இருக்கிறது. துப்பாக்கி ஏந்திய கைகளே இங்கே தேங்காயும் உடைத்தன.

அங்கிருந்து கோட்டைக்குள் நுழைந்து பத்மநாபசுவாமி கோயிலை அடைந்தோம். ஐப்பசியிலும் பங்குனியிலும் ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் திருவிழாவில் ஒன்பதாம் நாள் 'பள்ளிவேட்டை' என்னும் சடங்கு உண்டு. அன்றிரவு ஊர்வலம் வாத்திய முழக்கமின்றி மௌனமாகச் செல்லும். கோட்டைக்குள் அமைந்த வேட்டைக்களத்தில், அரச குடும்பத்தின் தலைவர் வில்லை வளைத்து ஓர் இளநீர்க்காயின்மீது அம்பெய்வார். அம்பு தைத்தவுடன் சங்கும் மேளமும் முழங்கும். மறுநாள் ஆறாட்டுக்காகச் சுவாமி சங்குமுகக் கடற்கரைக்கு எழுந்தருளும் வழியில் விமான நிலையத்தின் ஓடுபாதை குறுக்கிடுவதால், அந்நேரம் விமானப் போக்குவரத்தையே நிறுத்திவைக்கிறார்கள். உயிர் எதுவும் வதைபடாத வேட்டை இது. ஆயினும் ஒரே அம்பு, ஒரே இலக்கு, அதுவரை மௌனம் என்ற ஒழுங்கு, உண்மையான வேட்டைக்காரனுக்கும் ஒரு பாடமாகவே நமக்குத் தோன்றிற்று.

மலையாள நாட்டுக் கோயில்களில் மற்றொரு காட்சியும் உண்டு. அதுவே 'வெடி வழிபாடு'. சாண் உயர இரும்புக் குழல்களை நிமிர்த்தி வைத்து, வாய்வழியே மருந்திட்டு இறுக அடைத்துத் திரி கொளுத்துவார்கள். இதனைக் 'கதினா' என்பர். வாய்வழி மருந்து கெட்டிக்கும் பீரங்கியின் குட்டித் தம்பி என்றே இதைச் சொல்லலாம். குண்டு மட்டும் இல்லை, ஓசையே காணிக்கை. குண்டில்லாவிடினும் மருந்து மருந்துதான். 2023ஆம் ஆண்டு ஜனவரியில் சபரிமலை மாளிகைப்புறத்தில் கதினாவுக்கு மருந்து நிரப்புகையில் வெடித்து, பணியாளர் மூவர் தீக்காயமுற்றனர். தொன்றுதொட்டுப் பழகிய கைகளுக்கே இக்கதி எனின், பழக்கமற்றவர் பரணில் இருப்பதை எடுத்து விளையாடலாகாது என்பதை இங்கேயே குறித்து வைக்கிறோம்.

வாளும் துப்பாக்கியும்

கோட்டையிலிருந்து வடக்கே வந்தால் தலைமைச் செயலகம். அதன் முன்புறத்தில் வேலுத்தம்பி தளவாயின் சிலை நிற்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தலக்குளத்தில் பிறந்து, 1809ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் குண்டறையில் ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரகடனம் வெளியிட்ட வீரர் அவர். அவருடைய வாள் கிளிமானூர் அரண்மனையாரிடம் நெடுங்காலம் இருந்து, 1957இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அவர்களிடம் அளிக்கப்பட்டது. டெல்லியிலிருந்த அவ்வாள் 2010இல் திருவனந்தபுரத்து நேப்பியர் அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது.

வாளுக்கு அளவு தேட வேண்டியதில்லை. பிடிக்கத் தெரிந்த எந்தக் கைக்கும் அது உதவும். துப்பாக்கியோ குண்டு வார்ப்பவன் இல்லையேல் வெறும் இரும்புத் தடி. இவ்வுண்மையைத் திருவிதாங்கூர் எப்போது கற்றது என்று அறிய, மறுநாள் காலை நாகர்கோவில் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தெற்கே பயணம் செய்தோம். தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது.

1741ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் குளச்சலில் டச்சுக்காரரை மார்த்தாண்டவர்ம மகாராஜாவின் படை முறியடித்தது. அப்போது பிடிபட்டவர்களுள் ஒருவர் யூஸ்டேஷியஸ் டி லனாய். மகாராஜா அவரைத் தண்டியாமல் தம் படைக்கு ஆசிரியராக்கிக்கொண்டார். 'வலிய கப்பித்தான்' என்று பெயர் பெற்ற அவர், உதயகிரிக் கோட்டையைக் கருங்கல்லால் புதுப்பித்து, அதனுள்ளே பீரங்கிகளும் குண்டுகளும் வார்க்கும் உலைக்களம் ஒன்றையும் நிறுவினார். 1777இல் காலமான அவருடைய கல்லறை கோட்டைக்குள் பாழடைந்த தேவாலயத்தில் இருக்கிறது. கல்லில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அத்தமிழ் எழுத்துக்களைத் தடவிப் பார்த்தபோது நம் மெய் சிலிர்த்தது. கடல் கடந்து வந்து இம்மண்ணிலேயே தங்கிவிட்ட ஒருவருக்கு, இம்மண்ணின் மொழியிலும் நடுகல் நாட்டியிருக்கிறார்கள். கடல் கடந்து வாழும் நாமும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

பீரங்கிக்கும் குண்டுக்கும் ஓரிடத்திலேயே வார்ப்பு நடந்தால், அச்சும் அளவும் ஒருவர் கண்காணிப்பில் அமையும். டி லனாய் கற்றுத்தந்த பெரும் பாடம் அதுவென்றே கொள்ளலாம். 1809 பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் காவல் அரண்கள் ஆங்கிலேயர் கைக்கு மாறின. பின்னர் உதயகிரியும் வீழ்ந்தது. போர் முடிந்தபின் திருவிதாங்கூர்ப் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது.

பொருத்தம் தேடிய வரலாறு

'பன்னிரண்டு போர் துப்பாக்கி' என்று நம்மவர் சாதாரணமாகச் சொல்வதுண்டு. அந்தப் பன்னிரண்டு எதைக் குறிக்கிறது என்று கேட்டால் விழிப்பவரே அதிகம். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை எத்துளைக்குச் சரியாகப் பொருந்துமோ அதுவே பன்னிரண்டு போர், ஏறத்தாழ 0.73 அங்குலம். இருபது உருண்டைகளாக வார்த்தால் இருபது போர், அது 0.615 அங்குலம். எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். துளையின் பெயரே குண்டைக் கொண்டு வைக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஆங்கிலேயச் சிப்பாயின் துப்பாக்கித் துளை 0.75 அங்குலம், குண்டோ ஏறத்தாழ 0.69 அங்குலம். புகைக்கரி படிந்த குழலிலும் விரைந்து இறங்கவேண்டி இவ்விடைவெளியை விட்டார்கள். விரைவு கிடைத்தது, குறி போயிற்று. குழலின் உட்சுவரில் திருகு வரிகள் வெட்டினால் குண்டு சுழன்று நேராகச் செல்லும் என்று அறிந்திருந்தும், வரியைப் பற்றும்படி இறுக்கமான குண்டை வாய்வழியே தட்டி இறக்குவதற்கு நேரம் பிடித்தது. இதற்கு விடையாக வந்ததே 0.577 அங்குலத் துளையுள்ள என்ஃபீல்டு துப்பாக்கி. அதன் குண்டு துளையைவிடச் சற்றுச் சிறியது. அடிப்புறம் குழிந்திருப்பதால் வெடிக்கும்போது விரிந்து வரியைப் பற்றிக்கொள்ளும். எளிதில் இறங்குவதற்காகக் குண்டைப் பொதிந்த காகிதத்தில் கொழுப்புத் தடவினார்கள். அது பசுவின் கொழுப்பா, பன்றியின் கொழுப்பா என்ற ஐயம் 1857இல் எத்தகைய பெருந்தீயை மூட்டிற்று என்பது யாவரும் அறிந்த வரலாறு. குழலுக்கும் குண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நூலளவு இடைவெளி ஒரு சாம்ராஜ்யத்தையே அசைத்தது என்றால் மிகையாகாது.

இவ்விடைவெளியை நிரப்பும் வேறொரு உபாயமே அன்பர் தேடும் சாபோ. பிரெஞ்சு மொழியில் அச்சொல் மரக்கட்டைச் செருப்பைக் குறிக்கும். பீரங்கிக் குண்டின் அடியில் மரத்தாலான கிண்ணம் ஒன்றைத் தகட்டுப் பட்டையால் பிணைத்து இறக்கிய காலத்தில் அப்பெயர் ஏற்பட்டது. இன்று வேட்டைத் துப்பாக்கிக்கு வரும் சாபோ பிளாஸ்டிக்கினால் ஆனது. குழலுக்குள் குண்டைத் தாங்கிச் சுழற்றி, வெளியே வந்ததும் இதழ் விரித்துத் தான் மட்டும் உதிர்ந்துவிடும்.

அன்பருக்கு இது குறித்து நாம் எழுதிய விடையின் சாரம் வருமாறு. 0.50 அங்குலத் துளைக்கு 0.44 அல்லது 0.45 அங்குலக் குண்டும், 0.45 அங்குலத் துளைக்கு 0.40 அங்குலக் குண்டும் தாங்கும் சாபோக்கள் உண்டு. 0.45க்குக் கீழே, அதாவது 0.36, 0.32 போன்ற துளைகளுக்கு, அவை கிடைப்பது மிக அரிது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. 0.45 துளைக்குரிய ஈய உருண்டையின் எடை 128 கிரெயின். ஒரு ராத்தலுக்கு 7000 கிரெயின் ஆதலால் ஏறத்தாழ ஐம்பத்தைந்து உருண்டைகள் தேறும். 0.32 துளையின் உருண்டையோ 45 கிரெயின் அளவே. அது அணிலுக்கும் முயலுக்கும் ஏற்பட்டது. அதனுள் இன்னும் சிறிய குண்டைச் சாபோவில் பொதிந்து இடுவதால் பயன் யாது? அத்தகைய துப்பாக்கிக்கு எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈய உருண்டையே உரியது. மானுக்கு எவ்வளவு துளை வேண்டுமென்பதை அவ்வவ் மாநிலச் சட்டமே கூறும். முதலில் அதனைப் பார்க்க வேண்டும்.

திருகு வரியின் வேகமும் கவனிக்கத்தக்கது. 48 முதல் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரும் மெதுவான வரி, துணி பொதிந்த உருண்டைக்கு ஏற்றது. 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரும் வேகமான வரியே சாபோவுக்கும் நீண்ட குண்டுக்கும் ஏற்றது. மெதுவான வரியுள்ள குழலில் சாபோவை இட்டுக் குறி தவறுகிறது என்று வருந்துவது, காளைக்குக் குதிரைச் சேணம் பூட்டிவிட்டு ஓடவில்லையே என்று நோவதைப் போன்றதாகும்.

மலையடிவாரத்தில்

நம் ஊர்ப் பெரியவர்கள் சமாளித்த விதம் என்ன? அதனை அறிய நெடுமங்காடு வழியாகப் பாலோடு, விதுரைப் பக்கம் சென்றோம். பொதிகை மலைத்தொடரின் மேற்குச் சரிவு அது. வழிநெடுக ரப்பர், இடையிடையே வாழையும் மரச்சீனியும். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்துப் பரப்பிய பயிர் மரச்சீனி என்பர். ஏழைகளின் பசியைத் தீர்த்த அக்கிழங்கு, இன்று காட்டுப்பன்றியின் விருந்தாகிவிட்டது. ஓரிரவில் தோட்டம் முழுவதும் உழுதாற்போல் கிளறிக் கிடந்ததைக் கண்ணால் கண்டோம்.

தோட்டத்துக்கு உரியவர் எழுபதைக் கடந்த பெரியவர். அவருடைய தகப்பனாரிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்ததாம். திருகு வரி இல்லாத குழல். ஆகையால் குண்டின் அளவு நூல் பிசகினாலும் தேங்காய் நாரை உருட்டி இறுக்கும் தக்கையே அதனை ஈடுசெய்யும் என்றார். சாபோ என்ற பெயரை அவர் கேட்டதில்லை. ஆனால் அதன் வேலையை அவர் வீட்டுத் தேங்காய் நார் செய்துவந்திருக்கிறது! "அப்பா ரவை போட்டுப் பன்றியைச் சுடமாட்டார். ரவை பட்டால் சாகாது. காயத்தோடு காட்டுக்குள் ஓடிப் பல நாள் கிடந்து துடிக்கும். அந்தப் பாவம் நமக்கெதற்கு என்பார்" என்று அவர் கூறிய சொல் நம் நெஞ்சில் தைத்தது. பொருத்தமான குண்டைத் தேடுவது குறிக்காக மட்டுமன்று. சுடப்படும் உயிருக்கு நாம் செய்யும் கடமையும் அதுவே.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் 1991இல் வந்த திருத்தத்தாலும் பாரத நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு மட்டும், 2022 மே மாதத்தில் கேரள அரசு ஒரு வழி வகுத்தது. ஊராட்சித் தலைவர்களையும் நகராட்சித் தலைவர்களையும் கௌரவ வனவிலங்குக் காப்பாளர்களாக்கி, உரிமம் பெற்ற துப்பாக்கியுடையோரைக் கொண்டு சுட உத்தரவிடும் அதிகாரத்தை அவர்களிடம் அளித்தது. நஞ்சு, வெடி, மின்வேலி ஆகியவற்றைப் பயன்படுத்தலாகாது என்றும் விதித்தது. அவ்விதி எத்துணை அவசியம் என்பதற்கு 2020 மே மாதத்தில் பாலக்காட்டு மாவட்டத்தில் நடந்ததே சாட்சி. வெடிபொருள் வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்த கருவுற்ற யானை ஒன்று, ஆற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டது. கண்ட இடத்தில் வைத்த வெடிக்கு இலக்குத் தெரியாது. குறி வைத்த ஒரு குண்டுக்குத்தான் பொறுப்பாளி உண்டு.

பரணில் கிடக்கும் துப்பாக்கி

இனி அன்பரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். பிறந்த ஊரில் பழைய துப்பாக்கி இருக்குமாயின், விடுமுறைக்குச் செல்லும் நம் குடும்பத்தினர் மனத்தில் கொள்ள வேண்டியவை சில.

முதலாவது, அதில் மருந்து கெட்டித்திருக்கிறது என்றே கருத வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் இட்ட மருந்தும் குண்டும் உள்ளே தங்கியிருக்கக்கூடும். உலர்ந்த கருமருந்து எளிதில் வீரியம் இழப்பதில்லை. குழந்தைகள் கையில் கொடுத்துப் படம் எடுக்கும் ஆசையை அறவே விட்டுவிட வேண்டும். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் அல்லது பழுது பார்ப்பவரே அதனைச் சோதிக்கத் தக்கவர்.

இரண்டாவது, உரிமம் யார் பெயரில் உள்ளது என்று பார்க்க வேண்டும். உரிமம் உடையவர் காலமாகிவிட்டால், அத்துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் உரிமை தானே வாரிசுக்கு வருவதில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, காலந்தாழ்த்தாது அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ, விதிகளுக்கு உட்பட்டு உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததற்கு இரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். வாரிசுகள் தம் பெயரில் உரிமம் கோரி விண்ணப்பிக்க 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வழி உண்டு.

மூன்றாவது, பழைமையான வகையைச் சேர்ந்ததாய், செப்பனிட்டாலும் சுடப் பயன்படாத நிலையில் உள்ள ஆயுதத்துக்கு அச்சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் அது அந்நிலையில் உள்ளதா என்று நாமே தீர்மானித்துக்கொள்ளாமல், அதிகாரிகளிடம் கேட்டு எழுத்தில் பெறுவதே அறிவுடைமை.

நான்காவது, பாட்டனார் நினைவாக அதனை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல எண்ணுவோர்க்கு: நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. பெட்டிக்குள் வைத்துச் சென்று விமான நிலையத்தில் அகப்பட்டுக்கொள்வது குடும்பத்துக்கே தீராத் தொல்லையாக முடியும்.

பெரியவர்கள் நமக்கு விட்டுச் சென்றவற்றுள் நிலமும் வீடும் மட்டும் இல்லை, பொறுப்புக்களும் உண்டு. குழலுக்குக் குண்டு பொருந்தவேண்டியதைப் போல, வைத்திருப்பவனுக்கும் பொருளுக்கும் ஒரு பொருத்தம் வேண்டும். அப்பொருத்தம் இன்னும் இருக்கிறதா என்று ஆராய்ந்து, இருப்பின் முறைப்படி காப்பதும், இல்லையேல் முறைப்படி ஒப்படைப்பதும் நம் கடமை. திருவனந்தபுரம் செல்லும் அன்பர்கள் பத்மநாபனைத் தரிசித்த கையோடு, பழவங்காடியில் ஒரு தேங்காயும் உடைத்துவிட்டு, ஊர் வீட்டுப் பரணையும் ஒரு முறை பார்த்து வருவார்களாக.